ஹோண்டா 400ஈஎக்ஸ்: காட்டுப் பாதைக்கு எந்த கேம்?

வணக்கம் நண்பரே. உங்கள் 400ஈஎக்ஸ் நாலு சக்கர வண்டியில் (ஏடிவி) பிஸ்டன் கம்பெனி போட்டதுதான், ஓட்டுவது காட்டுப் பாதையில், கேமை (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட்) மாற்றும்போது மிதமான ஸ்டேஜ் 1 போடுவதா, வால்வை இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கும் ஸ்டேஜ் 2 போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஸ்டேஜ் 1 எடுங்கள். ஸ்டேஜ் 2 போல வால்வு அதிக நேரம் திறந்திருக்கும் கேம் என்றால், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, அதாவது குறைந்த ஆர்பிஎம்மில், சிலிண்டருக்குள் வந்த காற்றில் கொஞ்சம் திரும்பிப் போய்விடும். உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் அழுத்தும் விகிதம்) 9.1:1 தான், மேட்டில் மெதுவாக ஏறும்போது இழுவை குறைவது நன்றாகவே தெரியும்.

அப்புறம், ராக்கர் ஆர்மை (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கை) கழற்றிப் பாருங்கள். கேமைத் தொடும் முகத்தில் குழியோ கீறலோ இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், இல்லையென்றால் அது புதுக் கேமையும் தின்றுவிடும். வால்வு இடைவெளியை (ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) கேமோடு வரும் தாளில் உள்ளபடி வையுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினைக் கையால் இரண்டு மூன்று முறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.