தாத்தா சொல்லாத கதைய நாம எழுதலாமா?

கேள்வி: தாத்தா 1962-ல ஆர்மில சேர்ந்து 1984-ல பென்ஷனோட வந்தவர். போன வருஷம் தவறிட்டார். முதல் வருஷ நினைவுக்கு சின்னதா ஒரு புக் போடப் போறோம். 1971 பாகிஸ்தான் போர்ல டாக்கா வரைக்கும் போய் சண்டை போட்டார்னு எழுதச் சொல்றார் பெரியப்பா. தாத்தா போரப் பத்தி வாயே திறந்ததில்ல. ட்ரங்க் பெட்டில டிஸ்சார்ஜ் புக் (ஆர்மிய விட்டு வரும்போது கொடுக்கற சர்வீஸ் விவரப் புக்), மூணு மெடல், பாட்டிக்கு போட்ட லெட்டர் கட்டு இருக்கு. என்ன எழுதறது? பாட்டிக்கு இப்ப 79 வயசு. ரிட்டயர் ஆனப்புறமும் தாத்தா வீட்டயே பேரக்ஸ் (சிப்பாய்கள் தங்கற இடம்) மாதிரி நடத்தினார், அவர்கிட்ட கேக்காம ஒரு கல்யாணம் முடிவாகாது, எல்லாரும் பயந்தோம், அதயும் சேக்கலாமா?

பதில்: தம்பி, டாக்காவ இப்போதைக்கு எழுதாதீங்க. பெரியப்பா பொய் சொல்றார்னு சொல்லல, அப்பா மேல உள்ள பாசத்துல சின்ன வயசுல கேட்டதெல்லாம் ஒண்ணா சேர்ந்து அவருக்கு அப்படி ஆயிருக்கலாம், ஆனா அவரே சொல்லாதத அவர் போனப்புறம் அவர் பேர்ல நாம சொன்னா அது அவருக்கு செய்யற மரியாதையா எனக்குப் படல.

முதல்ல அந்த டிஸ்சார்ஜ் புக்க எடுங்க. எந்த ட்ரேட் (ஆர்மில என்ன வேலை), என்னிக்கு சேர்ந்தார், என்னென்ன மெடல்னு அதுலயே இருக்கும். பூர்வி ஸ்டார்னு இருந்தா 1971 போர்ல கிழக்குப் பக்கம், அதாவது டாக்கா இருக்கற பக்கம், பஷ்சிமி ஸ்டார்னு இருந்தா மேற்கு. இன்னொண்ணு 1972-ல சர்வீஸ்ல இருந்தவங்களுக்குக் கொடுத்த சுதந்திர 25-ம் ஆண்டு மெடலா இருக்கலாம். புரியலன்னா அவரோட ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கு சர்வீஸ் நம்பர் போட்டு எழுதிக் கேளுங்க, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன்ல இருக்கு. ட்ரேட் டிரைவர்னோ சமையல்னோ இருந்தா பெரியப்பாவுக்கு ஏமாத்தமா இருக்கும்தான், ஆனா லாரி போகாம ரொட்டி வேகாம எந்தப் படை நடந்துச்சு, அத அப்படியே தலை நிமிர்ந்து எழுதுங்க.

அப்புறம் அந்த லெட்டர் கட்டு. எனக்கு மெடல விட அதுதான் பெருசா தெரியுது. அனுப்பினவர் அட்ரஸ்ல 56 ஏபிஓ (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) இல்ல 99 ஏபிஓன்னு மட்டும் இருக்கும், ஊர் பேரே இருக்காது. 1971 டிசம்பர் 3-ல இருந்து 16 வரைக்கும் ரேடியோல போர்ச் செய்தி ஓடிட்டு இருக்கும்போது புருஷன் எந்த ஊர்ல இருக்கார்னே தெரியாம கைல குழந்தைகள வச்சிட்டு உக்காந்திருந்தாங்களே உங்க பாட்டி, அது அந்தக் குடும்பத்தோட போர் இல்லையா? வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல வந்து நிக்கற ஆள பாத்து பிள்ளைங்க கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்ச கதை எத்தனையோ ஆர்மி வீட்டுல உண்டு, உங்க வீட்டுலயும் இருக்கும், பெரியப்பாகிட்ட டாக்காவுக்கு பதிலா அதக் கேட்டுப் பாருங்க.

ரிட்டயர் ஆனப்புறமும் வீட்டயே பேரக்ஸ் மாதிரி நடத்தினார், எல்லாரும் பயந்தோம்னு கடைசில ஒரு வரி எழுதிட்டு அதச் சேக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. சேருங்க. பயந்ததையும் எழுதுங்க, அந்த ஆள்கிட்ட கேக்காம வீட்டுல ஒரு கல்யாணம் முடிவாகாதுன்னு இருந்ததையும் எழுதுங்க. போரப் பத்தி பேசலங்கறதையும் ஒரு பக்கத்துல அப்படியே போடுங்க, கேட்டப்ப என்ன செய்வார், எந்திரிச்சுப் போயிடுவாரா, பேச்ச மாத்துவாரா, அத எழுதுங்க.

பாட்டிக்கு 79 வயசுன்னு எழுதியிருக்கீங்க. புக் வேலை அப்புறம், இந்த ஞாயித்துக்கிழமையே போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி வச்சிட்டு அந்த லெட்டர் கட்ட அவங்க மடில வைங்க.