ரஸ்ட்டில் ட்ராப்: ஞாயிறு மிஞ்சிய கேள்விகள்

போன ஞாயிறு வெள்ளவத்தையில் கூடினோம். ட்ராப் (ஒரு மதிப்பின் வேலை முடிந்ததும் ரஸ்ட் அதைத் துப்புரவாக்கி இடத்தை விடுவிப்பது) பற்றிக் கதைக்கத் தொடங்கிய நேரத்தில் மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டார். துண்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் ரஸ்ட் நிரல் மொழியின் நியம நூலகம் (மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்கள்) பற்றியவை.

தெஹிவளைத் தம்பி: ஒரு கோடி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) உள்ள வெக் (நீளக்கூடிய வரிசை) ஒன்று வைத்திருக்கிறேன் அண்ணா. ஃபங்ஷன் முடியும் இடத்தில் புரோகிராம் உறைந்து நிற்கிறது. ஒரு கோடி யூ64 (64 பிட் முழு எண்) என்றால் நிற்பதில்லை. ஏன்?

யூ64-இல் துப்புரவாக்க ஒன்றுமில்லை. அது கம்பைலருக்கே தெரியும், சுற்றே போடாது. வெக்கின் இடத்தை ஒரே தடவையில் திருப்பிக் கொடுத்துவிடும். (உங்கள் சொந்த கலெக்ஷனிலும் இதைக் கேட்டறிய நீட்ஸ் ட்ராப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, 2017-இல் 1.21 பதிப்பிலிருந்து.)

ஸ்ட்ரிங் அப்படியல்ல. 64 பிட் கணினியில் வெக்குக்குள் இருப்பது 24 பைட் மட்டும்: சுட்டி, கொள்ளளவு, நீளம். எழுத்துகள் ஹீப்பில் (கேட்டு வாங்கும் நினைவகப் பகுதியில்) வேறெங்கோ கிடக்கின்றன. ஆகவே ஒரு கோடி தடவை அலொகேட்டரிடம் (நினைவக இடத்தைக் கொடுத்து வாங்கும் பகுதியிடம்) போய் "இந்தா, உன் இடம்" என்று கொடுக்க வேண்டும். நூலகம் எவ்வளவு கெட்டித்தனமாக எழுதப்பட்டிருந்தாலும் இந்தக் கணக்குக் குறையாது. நீங்கள்தான் குறைக்க வேண்டும். எல்லா எழுத்தையும் ஒரே ஸ்ட்ரிங்கில் கோர்த்து, தொடக்கமும் முடிவும் இரண்டு யூ32 ஆக வேறொரு வெக்கில் வையுங்கள். 24 பைட் 8 ஆகும், ஒரு கோடி விடுவிப்பு இரண்டாகும். மொத்த எழுத்து 4 ஜிபியைத் தாண்டாத வரை சரி.

கொட்டாஞ்சேனைத் தம்பி: நானே எழுதிய லிங்க்ட் லிஸ்ட் (ஒவ்வொரு நோட்டும் அடுத்ததைச் சுட்டும் பட்டியல்), 50 ஆயிரம் நோட். மெயினில் ஓடுகிறது, தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் பாதையில்) ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகள் அடுக்கும் இடம்) நிரம்பிச் சாகிறது.

ட்ராப் நீங்கள் எழுதவில்லை, அல்லவா? கம்பைலர் தானே எழுதிக்கொள்ளும் ட்ராப்பில், ஒரு நோட்டை அழிக்க அதன் நெக்ஸ்டை அழிக்க வேண்டும், அதற்கு அதன் நெக்ஸ்டை. கடைசி நோட் வரை ஸ்டாக் அடுக்கிக்கொண்டே போகும். லினக்ஸில் மெயின் த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக். நூலகம் திறக்கும் புது த்ரெட்டுக்கு 2 எம்பிதான். லிஸ்ட் அதேதான், பள்ளம்தான் ஆழம் குறைவு.

ஸ்டாக்கைக் கூட்டிவிட்டால் இன்னொரு நாள் இன்னும் பெரிய லிஸ்ட்டில் திரும்பவும் விழும். ட்ராப்பைச் சுற்றாக எழுதுங்கள்: தலையை டேக் செய்து (இருந்த இடத்தைக் காலியாக்கி) கையில் எடுங்கள். அதன் நெக்ஸ்டை டேக் செய்து அடுத்த சுற்றுக்கு வையுங்கள். பழைய நோட் அந்தச் சுற்றிலேயே தனியாகப் போய்விடும். நூலகத்தின் லிங்க்ட் லிஸ்ட்டும் முன்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான். ஒரு உறுப்பின் ட்ராப் பேனிக் ஆனாலும் (பிழையால் ஓட்டம் முறிந்தாலும்) மிச்சத்தைக் கழற்ற அங்கே ஒரு காவலும் வைத்திருக்கிறார்கள்.

மட்டக்குளித் தங்கச்சி: வெக்கின் ட்ரங்கேட்டில் (வெக்கைக் கேட்ட நீளத்துக்கு வெட்டும் ஃபங்ஷனில்), கேட்ட நீளம் இருக்கும் நீளத்தை விடப் பெரியதா என்று மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். சமமாக இருந்தாலும் திரும்பினால் வேலை மிச்சம்தானே?

எனக்குப் பிடித்த கேள்வி. அது கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்றே அப்படி என்று அந்த வரிக்கு மேலேயே குறிப்பு இருக்கிறது. ட்ரங்கேட் 0 என்று கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். "0, நீளத்தை விடப் பெரியதா?" குறை எண் வராத இடத்தில் இது ஒருபோதும் உண்மையாகாது. கம்பைலர் அந்தச் சோதனையையே வெட்டி எறிந்துவிடும். "அல்லது சமமா" என்று சேர்த்தால் வெக் காலியா என்று ஓட்ட நேரத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

அதே ஃபங்ஷனில் இன்னொன்றையும் பாருங்கள். நீளத்தை முதலில் குறைத்துவிட்டுத்தான் உறுப்புகளை அழிக்கிறார்கள். நடுவில் பேனிக் வந்தாலும் ஒன்றை இரண்டு தடவை அழிக்கும் ஆபத்து வராது.

பம்பலப்பிட்டி அக்கா: ஆர்க்கின் (ஒரே தரவைப் பலர் பகிர, எத்தனை பேர் என்று எண்ணி வைக்கும் சுட்டியின்) ட்ராப் புரொஃபைலில் (எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்ற அளவீட்டில்) மேலே நிற்கிறது.

அங்கே பிழிய அதிகம் மிச்சமில்லை அக்கா. எண்ணிக்கையை ஒன்று குறைப்பது மட்டும்தான் வழக்கமான பாதை. கடைசி ஆள் செய்யும் அழிப்பைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, இன்லைன் ஆகாமல் (கூப்பிடும் இடத்திலேயே அதன் நிரல் பதியாமல்) தடுத்திருக்கிறார்கள். குளோனைக் (எண்ணிக்கையைக் கூட்டும் நகலை) குறையுங்கள், ரெஃபரன்ஸைக் (இரவல் சுட்டியை) கொடுங்கள். த்ரெட்டுக்கு ரெஃபரன்ஸ் கொடுக்க முடியாததுதான் தடையென்றால், 2022-இல் 1.63 பதிப்போடு வந்த ஸ்கோப் (அதற்குள் திறந்த த்ரெட்கள் முடியும் வரை காத்திருக்கும் ஃபங்ஷன்) இருக்கிறது.

பெயரில்லாத துண்டு: ட்ராப் ஆன பிறகும் மெமரி குறைந்ததாகக் காட்டவில்லையே?

அலொகேட்டர் அடுத்த தேவைக்கென்று கையில் வைத்திருக்கும். 2019 ஜனவரியில் 1.32 வந்ததிலிருந்து இயல்பாக இருப்பது உங்கள் சிஸ்டத்தின் அலொகேட்டர், ஜெமலொக் என்ற வேறு அலொகேட்டர் இல்லை. மாற்றி அளந்து பாருங்கள். கிளியர் செய்தாலும் (உறுப்புகளை எல்லாம் அகற்றினாலும்) வெக்கின் கொள்ளளவு அப்படியே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே துண்டின் பின்பக்கம்: புரோகிராம் முடியும்போது எல்லாவற்றையும் ஃபர்கெட் செய்துவிட்டால் (ட்ராப் ஓடாமல் விட்டுவிட்டால்)?

செய்யலாம், ஃபர்கெட் பாதுகாப்பானதுதான். பெரிய மரம் ஒன்றை முடியும் நேரத்தில் இலை இலையாக அழிப்பதில் பயனில்லை, ஒபரேட்டிங் சிஸ்டமே மொத்தமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் ட்ராப்பில் மெமரி தவிர வேறு வேலையும் இருக்கும். பஃப்ரைட்டர் (எழுத வேண்டியதைச் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதுவது) கையில் மிஞ்சியதைக் கோப்பில் எழுதுவது ட்ராப்பில்தான். நான் ஒரு தடவை அதைச் சுமந்த ஸ்ட்ரக்டையே ஃபர்கெட் செய்தேன். கணக்குப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து "தம்பி, கடைசி வரிகள் எங்கே?" என்று கேட்கும் வரை எனக்கு விளங்கவில்லை. இப்போது ஃப்ளஷ் (மிஞ்சியதை உடனே எழுதிவிடு) என்று கையால் எழுதி, பிழை வந்ததா என்றும் பார்த்துவிட்டுத்தான் ஃபர்கெட்டைத் தொடுகிறேன்.