பதில் சொல்லாமல் நிற்கும் பையன்

கேள்வி: என் கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் விடிய விடிய வரிசையில் நின்றுவிட்டு, காலை 6.30 மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வருவார். எங்களுடையது ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. சின்ன விஷயத்துக்கும் கத்திவிடுகிறார். போன வாரம் பள்ளி டைரியில் ஏன் கையெழுத்து வாங்கவில்லை என்று 9 வயது மகனைக் கேட்டார். அவன் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வாயே திறக்காமல் நின்றான். "எவ்வளவு திமிர் பார்" என்று அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. 14 வயது மகள் எதிர்த்துப் பேசித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். எனக்கு வயிற்றைப் பிசைகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. மாமியாரோ, நாலு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். என் வளர்ப்பில்தான் கோளாறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகன் திமிரில் நிற்கவில்லை. பயத்தில் நிற்கிறான். இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் வீட்டில் காலையில் மூளும் சண்டையில் பாதியாவது அந்த மௌனத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் பெரிதாகிறது.

நம் இதயத் துடிப்பு, மூச்சு, செரிமானம் ஆகியவற்றை நாம் நினைக்காமலே நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். ஆபத்து என்று மூளை கணித்ததும் அதன் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்ள, அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்ட, உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடுகிறது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் இதை 1915லேயே விரிவாக எழுதினார். ஆனால் எதிரில் நிற்பவர் தன்னைவிடப் பெரியவர், அவரை எதிர்க்கவும் முடியாது, ஒற்றை அறை வீட்டில் ஓடவும் இடமில்லை என்றால், உடல் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது: உறைந்துபோகிறது. தசைகள் இறுகும், பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும், சொற்களைக் கோத்துப் பேசுவது கடினமாகிவிடும். உங்கள் கணவருக்கு அவர் தொழிலை வைத்தே சொல்லலாம்: ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்தால் வண்டி எப்படி அதிர்ந்துகொண்டு நகராமல் நிற்குமோ, அப்படித்தான் அந்தப் பிள்ளையின் உடல் அப்போது இருக்கிறது. "வாயைத் திறடா" என்று குரலை உயர்த்த உயர்த்த, அவனால் திறக்க முடிவது குறைந்துகொண்டேதான் போகும்.

உங்கள் மகளின் எதிர்ப்பேச்சும் இதே அபாய உணர்விலிருந்து பிறப்பதுதான். அவளுடைய உடல் சண்டையைத் தேர்ந்தெடுக்கிறது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 14 வயதில் அதனிடம் பெரியவர்களின் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உங்களுக்கு வயிற்றைப் பிசைவதும் கற்பனை அல்ல. பரிவு நரம்புகள் ஓங்கும்போது ரத்தம் தசைகளுக்குத் திருப்பப்பட்டுச் செரிமானம் மந்தமாகிறது.

கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் விழித்திருப்பவரின் மூளையில், ஆபத்தை முகர்ந்து பார்க்கும் அமிக்டலா என்ற பகுதி வழக்கத்தைவிட அதிகமாகக் கொந்தளிக்கிறது என்பதை மூளைப் படங்களைக் கொண்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. நகராத லாரி வரிசையில் இரவைக் கழித்துவிட்டு வருபவருக்கு, கையெழுத்தில்லாத டைரிகூடப் பெரிய குற்றமாகத் தெரிவது இதனால்தான். அவர் கத்துவதை நான் நியாயப்படுத்தவில்லை. எதைச் சரிசெய்தால் கத்தல் குறையும் என்பதைத்தான் தேடுகிறேன்.

பிள்ளைகள் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளத் தனியாகக் கற்றுக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் முகம், குரல், தொடுகை ஆகியவற்றிலிருந்துதான் அமைதியை வாங்கிக்கொள்கிறார்கள். எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த ஒரு சோதனையில், குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இன்றி அமர்ந்தார். கைக்குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கடைசியில் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மாவின் முகம் மாறியதற்கே அப்படி! ஆகவே உங்கள் வீட்டில் அமைதி பெரியவர்களின் உடலில் தொடங்கினால்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

காலை 6.30 மணியை மாற்றுங்கள். அவர் வந்தவுடன் டைரி, மார்க், புகார் எதுவும் அவர் கண்ணில் படக் கூடாது. கையெழுத்து வேண்டியவற்றை முந்தைய மாலையே, அவர் வேலைக்குக் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள், அல்லது நீங்களே போடுங்கள். அவர் குளித்து, சாப்பிட்டுப் படுக்கட்டும். பிள்ளைகளின் பையையும் சீருடையையும் இரவே எடுத்து வைத்துவிட்டால் காலைப் பதற்றத்தில் பெரும்பகுதி போய்விடும். 9 வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் தேவை என்பதையும் கவனியுங்கள்.

அதையும் மீறிச் சத்தம் எழுந்துவிட்டால், அந்த நிமிடத்தில் யாருக்கும் புத்தி சொல்லாதீர்கள். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால், சண்டை தொடங்கி 20, 30 நிமிடங்கள் கழித்துத்தான் உச்சத்தை எட்டும். சத்தம் ஓய்ந்தாலும் உடல் அடங்க நேரம் பிடிக்கும். கணவர் மொட்டை மாடிக்கோ தெருமுனை டீக்கடைக்கோ போய்விட்டு, அரை மணி நேரத்தில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. சொல்லாமல் போனால் பிள்ளைகளுக்குப் பயம் கூடும். கோபத்தில் இருப்பவரிடம் "மூச்சை இழுத்து விடுங்கள்" என்று சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும். நீங்கள் செய்யுங்கள்: மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது.

மகனிடம் கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். "பயந்துட்டியா, பரவால்ல, அப்புறமா பேசலாம்" என்பது போதும். இதில் உங்கள் மாமியாரை எதிரியாக நினைக்காமல் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு போட்டால் பிள்ளை அடங்குவான் என்று அவர் கண்டது உண்மையாக இருக்கலாம். ஆனால் அடி வாங்கிய பிள்ளையிடம் நாம் பார்க்கும் அடக்கம் உறைந்துபோன உடலின் அடக்கம்தான், டைரியில் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற பாடம் அவனுக்குள் போயிருக்காது. அதே பாட்டியின் கை அவன் முதுகைத் தடவிக்கொடுத்தால் அவன் எவ்வளவு சீக்கிரம் இளகுகிறான் என்பதை அவரே பார்க்கட்டும்.

மாலையில், கணவர் தூங்கி எழுந்த பிறகு, மகனிடம் "காலைல அப்பா கத்துனது தப்புடா" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சண்டையே வராத குடும்பம் எங்கும் இல்லை. வந்த பிறகு அதைச் சரிசெய்யும் பெரியவர் இருக்கும் வீட்டில்தான் பிள்ளையின் உடல் மறுபடி நிம்மதிக்குத் திரும்பப் பழகுகிறது. மகளுடன் அவர் தனியாகப் பேசட்டும். தம்பியின் முன்னால் வேண்டாம்.

வளர்ப்பில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, சகோதரி. நான்கு பேரின் உடல்களும் ஒரே நேரத்தில் அபாய மணி அடிக்கும்போது, அதை ஒரு தாயின் தலையில் கட்டுவது சரியல்ல.

மகன் புதிதாகப் படுக்கையை நனைத்தாலோ, பள்ளியிலும் பேசாமல் ஒதுங்கினாலோ, உங்கள் வயிற்று வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ, அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு மனநலப் பிரிவும் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமனாஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கணவரின் கோபம் கைநீட்டும் அளவுக்குப் போனால், மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்க வேண்டாம்: உங்களுக்காகப் பெண்கள் உதவி எண் 181, பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை உடனே அழையுங்கள்.