“பன்னிரண்டு பேர்ல ஒருத்தர்கூடவாம்மா?”

வணக்கம்.

1955-ல் அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பற்றிப் பதின்வயதினருக்காக நீங்கள் எழுதிய புத்தகத்தை, ஒன்பதாவது படிக்கும் என் மகள் இரண்டே நாளில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். ஆற்றிலிருந்து உடலை எடுக்கும் பக்கம் அவளை விடவே இல்லை. 14 வயதுப் பையனுக்கு நடந்ததை இவ்வளவு சொல்லத்தான் வேண்டுமா? கதைபோலக் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கலாமே? இன்னொன்று, சாப்பிடும்போது திடீரென்று, “பன்னிரண்டு பேர்ல ஒருத்தர்கூடவாம்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

க., ஈரோடு

அன்புள்ள க.,

பிள்ளை தூங்காததற்கு வருந்துகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தை எடுக்க மாட்டேன்.

முதலில் எழுதியபோது காயங்களை ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தேன். படித்துப் பார்த்தால் பையனையே காணோம், காயம்தான் இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று, உடல் மிதந்து வராமலிருக்க முள்கம்பியால் கழுத்தில் கட்டிய இரும்பு விசிறி. பருத்தி ஜின்னிங் இயந்திரத்தினுடையது, 30 கிலோவுக்கு மேல். ஜின்னிங் மில் என்றால் என்னவென்று உங்கள் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் தெற்கில் மிசிசிப்பி மாநிலத்தில் இது நடந்த பகுதியும் பருத்தியால் பிழைத்த ஊர்கள்தான். இன்னொன்று, இறந்துபோன அப்பாவின் மோதிரம். சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் இருந்த உறவினர் வீட்டுக்குக் கிளம்பும்போது விரலில் போட்டு வந்தது. அது அவன்தான் என்று காட்டியது அந்த மோதிரம். அப்படியும், அது எம்மெட்டின் உடலே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது.

அவன் உடலின் புகைப்படத்தை நான் போடவில்லை. சவப்பெட்டியை மூடக்கூடாது, எல்லோரும் பார்க்கட்டும் என்றவர் அவன் அம்மா மேமி. அவர் திறந்து வைத்ததை நான் மூடிவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது.

கதையாக்கச் சொல்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. ‘அவன் மனதுக்குள் நினைத்துக்கொண்டான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த பக்கத்தில் நான் சொல்லும் தேதியைப் பிள்ளை எதற்கு நம்ப வேண்டும்? கொலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில், மளிகைக் கடைக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் அவனுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. அதனால் அந்த இடத்தில் வசனம் எதுவும் எழுதவில்லை, ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் எழுதினேன். பெரியவர்களைவிட இந்த வயசுப் பிள்ளைகள்தான் ‘இது நிஜமா?’ என்று விடாமல் கேட்பவர்கள்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. 1955 செப்டம்பரில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு வெள்ளைக்காரர்களை விசாரிக்க மிசிசிப்பியின் சம்னர் ஊர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த 12 ஜூரிகளும், அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களும், வெள்ளைக்கார ஆண்கள். வாக்காளராகப் பதிந்தவர்களிலிருந்துதான் ஜூரியை எடுப்பார்கள். சம்னர் இருக்கும் டல்லஹாச்சி கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். ஆனால் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. பதியப் போனால் தேர்வு, மிரட்டல், வேலை போகும். பெண்களோ, எந்த நிறமானாலும், மிசிசிப்பியில் 1968 வரை ஜூரியாக முடியாது. ஆக அவள் தேடும் அந்த ஒருவரை உள்ளே வரவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு, இருவரும் குற்றவாளிகள் இல்லை என்று சொல்ல 67 நிமிடம் போதுமானதாக இருந்தது. நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகச் செய்தி வந்தது. அடுத்த ஜனவரியில், கொன்றது நாங்கள்தான் என்று விடுதலையான அந்த இருவரும் காசு வாங்கிக்கொண்டு பத்திரிகைக்குச் சொன்னார்கள். விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. வாக்காளர் பட்டியல் விஷயத்தைக் கடைசி அத்தியாயத்தில், அதுவும் மூன்றே வரியில் தள்ளிவிட்டேன். விசிறிக்கு ஒரு பக்கம் கொடுத்தவன் அதற்கும் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் தீர்ப்புக்கு முன்னாலேயே கொண்டுவருகிறேன். அதுவரை இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுங்கள். வேறு ஏதாவது கேட்டால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.