லெவல் 31, உடம்பில் லெவல் 18 கியர்

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில, பதில்களுடன்.

கேள்வி: என் வாரியர் லெவல் 31. மார்புக்கவசம், பூட்ஸ் எல்லாம் லெவல் 18-ல் கிடைத்தவை. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஹெல்த்தை மீட்க உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. கில்டில் (சேர்ந்து ஆடுபவர்களின் குழுவில்) கேட்டால் ‘கியரை மாத்து’ என்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பூட்ஸைச் சொன்னீர்கள், கையில் இருக்கும் ஆயுதத்தைச் சொல்லவில்லையே! வாரியரின் அடி பெரும்பாலும் ஆயுதத்திலிருந்துதான் வருகிறது. எதிரி சீக்கிரம் விழுந்தால் நீங்கள் வாங்கும் அடியும் குறையும், சாப்பிட உட்காரும் நேரமும் மிச்சமாகும். பூட்ஸை மாற்றினால் மூன்று ஸ்டாமினா கூடலாம். ஒரு ஸ்டாமினாவுக்கு 10 ஹெல்த் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 30. உங்கள் லெவல் எதிரியின் ஓர் அடிக்கே அது கரைந்துவிடும்.

ஆயுதம் தேடும்போது டிபிஎஸ் (நொடிக்கு விழும் சராசரி அடி) எண்ணோடு வேகத்தையும் (ஒரு வீச்சுக்கு ஆகும் நொடிகள்) பாருங்கள். டிபிஎஸ் 20 உள்ள இரண்டு இருகை ஆயுதங்களில் வேகம் 2.4 உள்ளது ஒரு வீச்சுக்குச் சராசரியாக 48 அடிக்கும், 3.5 உள்ளது 70 அடிக்கும். ஓவர்பவர் போன்ற உடனடி அடிகள் அந்த ஒரு வீச்சின் கணக்கை எடுத்துக்கொள்வதால், மெதுவான ஆயுதமே லாபம்.

காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். லெவல் 30-ல் வாரியர் டிரெய்னர் தரும் குவெஸ்ட் (பணி) வரிசை ஆல்டராக் மலையிலுள்ள பாத்ராவிடம் போய் முடிகிறது. பரிசாகக் கோடரி, வாள், சுத்தியல் மூன்றில் ஒன்றை எடுக்கலாம். வேர்ல்விண்ட் கோடரியின் அடி 102 முதல் 154, வேகம் 3.6, டிபிஎஸ் 35.6. லெவல் 40 தாண்டியும் கை கொடுக்கும். கடைசியில் வரும் சைக்ளோனியன் எலைட் (சாதாரண எதிரியைவிட வலுவான எதிரி) என்பதால் தனியாளாகப் போனால் மயானத்தில்தான் எழுந்திருப்பீர்கள். கில்டிடம் உதவி கேட்க வேண்டியது இதற்குத்தான்.

மந்திரம் வீசும் மேஜ், பிரீஸ்ட் ஆடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களின் அடி டிரெய்னரிடம் வாங்கும் ஸ்பெல் ரேங்கில் இருக்கிறது. அவர்கள் புதிதாக வைத்திருக்க வேண்டியது மானா (மந்திர சக்தி) செலவில்லாமல் அடிக்கும் மந்திரக்கோலான வாண்ட்தான். மானா செலவழித்து ஐந்து நொடி கழிந்த பிறகே ஸ்பிரிட் என்ற குணத்தால் மானா ஊறத் தொடங்கும். பாதிச் சண்டையில் வாண்டுக்கு மாறினால் எதிரி விழுவதற்குள் கொஞ்சம் ஊறியிருக்கும்.

கேள்வி: அந்தக் கோடரியை வாங்கிவிட்டேன். பழைய வாளைவிட மோசமாக இருக்கிறது; அடிக்கடி ‘மிஸ்’ வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. கேரக்டர் பக்கத்தில் ஸ்கில்ஸ் பட்டியலைத் திறந்து ‘இருகைக் கோடரி’ வரியைப் பாருங்கள். 1/150 என்றோ, அதற்குச் சற்று மேலோ இருக்கும். ஆயுதத் திறமையின் உச்சம் லெவலைப் போல ஐந்து மடங்கு. லெவல் 30-க்கு 150. ஒவ்வொரு வகை ஆயுதமும் தனித்தனியாக ஏறும். ஒருகைக் கோடரியில் பழகியது இருகைக் கோடரிக்கு உதவாது. எதிரியின் டிஃபென்ஸும் லெவலுக்கு ஐந்து என்பதால், இடைவெளி பெரிதாக இருக்கும்வரை மிஸ் ஆகிக்கொண்டேதான் இருக்கும்.

வேகமான மலிவு இருகைக் கோடரி ஒன்றை வாங்கி, உங்களைவிட நான்கைந்து லெவல் குறைந்த எதிரிகளை அடித்துக்கொண்டிருங்கள். வீச்சு கூடக் கூடத் திறமை ஏறும். முதல் நூறு சட்டென்று வரும், கடைசிப் பத்து இழுத்தடிக்கும். பரிசு வாங்காதவர்கள், ஏற்கெனவே திறமை ஏறியிருக்கும் வகையையே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: கில்டில் ஒருவர் பச்சைத் தர (பெயர் பச்சை நிறத்தில் வரும்) வாள் ஒன்றை மெயிலில் அனுப்பினார். எனக்கு லெவல் ஏறிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் பார்த்தால் டிரேட் ஜன்னலில் ஏற மறுக்கிறது.

பதில்: ஏறாது. அது அணிந்தவுடன் ஒட்டிக்கொள்ளும் வகை. கையில் மாட்டிய நொடியே உங்களுக்குச் சோல்பவுண்ட் ஆகிவிட்டது. உங்களுக்கு என்சான்டிங் (பொருள்களுக்கு மந்திரமேற்றும் தொழில்) தெரிந்தால் உடைத்துக் கிடைக்கும் தூளையும் எசன்ஸையும் அவருக்கு அனுப்புங்கள். தெரியாவிட்டால் வெண்டரிடம் விற்பது ஒன்றே வழி. இன்னொரு என்சான்டரிடம் கொடுத்து உடைக்கவும் முடியாது. ஆகவே பச்சை கியரில் ‘இரவல்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. கொடுப்பவர் தானமாகவே கொடுக்க வேண்டும். வாங்குபவரும் இரண்டு லெவலில் தூக்கி எறியப்போவதை வாங்காமல் இருப்பது மரியாதை.

வாங்கும்போது பெயரின் வாலைப் பாருங்கள். ‘ஆஃப் தி பேர்’ (கரடி) என்றால் ஸ்ட்ரெங்த்தும் ஸ்டாமினாவும், ‘ஆஃப் தி ஈகிள்’ என்றால் மந்திரம் வீசுபவர்களுக்கான இன்டலெக்டும் ஸ்டாமினாவும். ஈகிள் வாளை வாரியருக்கு அனுப்பும் அன்பர்கள் எல்லா கில்டிலும் உண்டு.

கேள்வி: கில்டின் லெவல் 60 நண்பர் என்னை டன்ஜனில் (குழுவாகப் போய்ச் சண்டையிடும் இடத்தில்) இழுத்துப்போவதாகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: லூட்டுக்காக (கிடைக்கும் பொருள்களுக்காக) என்றால் போகலாம். எக்ஸ்பிக்காக (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளிகளுக்காக) என்றால் கணக்குப் பாருங்கள். குழுவில் எக்ஸ்பி லெவல் விகிதத்தில்தான் பிரியும். 60-ம் 20-ம் சேர்ந்தால் 20-க்கு ஏறக்குறைய கால் பங்கே வரும். உங்கள் லெவலைச் சேர்ந்த நான்கு பேரைக் கில்ட் சாட்டில் திரட்டுவது நல்லது. டேங்க் செய்யவும் (குழுவுக்காக எதிரியின் அடியைத் தாங்கவும்) அப்போதுதான் கை பழகும்.

கேள்வி: எங்கள் கில்டில் ஆன்லைனில் வருவதே ஆறு பேர். புதிதாக ஒரு கில்ட் தொடங்க என்ன வேண்டும்?

பதில்: சார்ட்டர் (கில்ட் தொடங்கும் பத்திரம்) 10 சில்வர். உங்களைத் தவிர ஒன்பது கையெழுத்து, அதுவும் வேறு எந்த கில்டிலும் இல்லாதவர்களிடமிருந்து. நீங்கள் உட்பட ஆறு பேரும் முதலில் பழைய கில்டை விட்டு வெளியேற வேண்டும். அப்போதும் இன்னும் நான்கு பேர் தேவை. டாபர்ட் (கில்டின் மேலங்கி) சின்னம் வடிவமைக்க 10 கோல்டு ஆகும். லெவல் 40-ல் குதிரை வாங்கும்வரை அந்தச் செலவைத் தொடாதீர்கள்.