தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு ஊர் சாம்பிள் என்றால் திருவொற்றியூர்: கேள்வி பதில்

மொத்தத் தமிழ்நாட்டின் குணத்தையும் வடசென்னையில் ஒரே ஏரியாவில் காட்டச் சொன்னால் திருவொற்றியூரைத்தான் காட்டுவேன் என்று போன வாரம் சொல்லிவிட்டுப் போனேன். அதற்கப்புறம் வந்த கேள்விகள் கொஞ்சநஞ்சமல்ல. வசவுகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, வடசென்னைப் பக்கம் நான் வந்ததே இல்லை. ஏன் திருவொற்றியூர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராதும்மா. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூன்று பேரும் பாடிய கோயில் அங்கே இருக்கிறது, ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லால் கட்டிய, தூங்குகிற யானையின் முதுகு மாதிரி வளைந்த தூங்கானைமாட விமானத்தோடு. பக்கத்தில் காலடிப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னர் காலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். 1946இல் இதே ஊரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி. 1955இல் என்ஃபீல்டு புல்லட் பைக் ஆலை இங்கே வந்தது. அடுத்த ஊரான எண்ணூரில் அசோக் லேலண்டு லாரி ஆலை. கடலோரம் முழுக்க மீனவர் குப்பங்கள். 2011 வரை தனி நகராட்சி, 2018 வரை திருவள்ளூர் மாவட்டம், இப்போது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலம். பட்டணமா டவுனா என்று கேட்டால் ஊர்க்காரனே கொஞ்சம் யோசிப்பான்.

என் கணக்கு இதுதான்: தமிழ்நாட்டில் புதுசு வரும்போது பழசு எழுந்து போகாது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கும், அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டே சேர்ந்து வாழும். அது திருவொற்றியூரில் தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியவில்லை.

பெரம்பூர்க்காரர்: பின்னி மில், ஐ.சி.எஃப்., பந்து விளையாட்டு, லூர்து மாதா கோயில் எல்லாம் எங்களிடம் இருக்க, எங்களை எப்படி விட்டீர்கள்?

விட மனசில்லாமல்தான் விட்டேன் சார். 1918இல் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் சேர்ந்து கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. அதற்கு எதிரே நிற்க திருவொற்றியூரிடம் எதுவும் இல்லை. ஐ.சி.எஃப். 1955இலிருந்து ரயில் பெட்டி கட்டுகிறது, வந்தே பாரத் வரைக்கும். ஆனால் பெரம்பூர் மில்லும் ரயிலும் உண்டாக்கிய ஊர். மில் மூடியதும் அந்த இடம் அடுக்குமாடியாகிவிட்டது. அங்கே பழசு போய்த்தான் புதுசு வந்தது.

ஒரு கல்லூரி மாணவி: ராயபுரம்?

இரண்டாவது இடம் கொடுக்கலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது, அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. தமிழ்நாட்டிலேயே ஒரே பார்சி அக்கினிக் கோயில் அங்கே, படகோட்டிகள் கட்டிய ராயப்பர் சர்ச் அங்கே. ஆனால் ராயபுரமும் சரி, சவுகார்பேட்டை, மண்ணடியும் சரி, துறைமுகத்தின் பிள்ளைகள். உலகம் சென்னைக்குள் வந்த வழி அது. மாநிலம் சென்னைக்குள் வந்த வழி வேறு.

பெயர் போடாத ஒருவர்: தமிழ்நாடு என்றால் மயிலாப்பூர்தானே?

கேட்டது வடசென்னை. அடுத்த கேள்வி.

வேலூர் நண்பர்: கோயிலும் ஆலையும் ஒரே ஊரில் இருப்பது என்ன பெரிய விசேஷம்? எங்கள் பக்கமும் இருக்கிறதே.

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திருவொற்றியூரில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்களாக மட்டும் இல்லை. அறுபத்துமூவரில் கலிய நாயனார் இந்த ஊர்க்காரர், செக்கு ஆட்டும் குலம். கோயிலில் விளக்கெரித்தே சொத்தை எல்லாம் கரைத்தார். அப்புறம் அடுத்தவர் செக்கில் கூலிக்கு வேலை செய்து அந்தக் கூலியில் விளக்கேற்றினார். கூலிக்கும் ஆள் தேவையில்லை என்று ஆனபோது எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே ஊற்ற அரிவாளை எடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பக்திக் கதை என்று படித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது லே-ஆஃப் ஆன ஒரு தொழிலாளியின் கதையாகவும்தான் படுகிறது. ஷிப்டு முடிந்து டிபன் பாக்ஸோடு சன்னதித் தெருவில் நடக்கிற ஆளுக்கு இந்த நாயனார் அந்நியமாகத் தெரியமாட்டார்.

திருச்சியிலிருந்து ஒரு ஐயா: திராவிட இயக்கம் வளர்ந்த பகுதி என்கிறீர்கள், கோயில் ஊர் என்றும் சொல்கிறீர்கள். முரண்பாடாக இல்லையா?

முரண்பாடுதான் ஐயா, அதுவும் தமிழ்நாட்டின் சொந்த முரண்பாடு. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, திருவொற்றியூரிலிருந்து சில மைல்தான். இந்தத் தெருக்களில் கட்சிக்கொடி இல்லாத முனையே கிடையாது. இப்போது ஆடி ஞாயிற்றுக்கிழமையில் வந்து பாருங்கள். முச்சந்தியில் வேப்பிலை கட்டிய பந்தல், ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி, அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். தூக்கு, குடம், பிளாஸ்டிக் வாளி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வரிசை நிற்கும். அகப்பையைப் பிடித்து ஊற்றுகிறவர் கரை வேட்டியில் இருப்பார், எந்தக் கட்சிக் கரை என்பது ஆளைப் பொறுத்தது. சாயந்திரம் அவரே மேடையில் ஏறி மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசவும் செய்வார். கேட்கிறவர்களும் கை தட்டுவார்கள். யாருக்கும் உறுத்தாது.

தஞ்சாவூர்க்காரர்: வயலே இல்லாத ஊர் எப்படித் தமிழ்நாடு ஆகும்?

இதுதான் உருப்படியான அடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நகரத்தில் இருந்தவர்கள் சுமார் 48.4 சதவீதம், அதாவது கிட்டத்தட்டப் பாதி. மீதிப் பாதிக்கு நான் எங்கே போவேன்? ஒன்று மட்டும் சொல்லலாம். ஆலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். பொங்கலுக்குத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மீஞ்சூரைத் தாண்டினால் வயல் வந்துவிடும், ஆனால் மீஞ்சூரை என் கணக்கில் சேர்த்தால் நீங்கள் விடமாட்டீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு அக்கா: குப்பத்து ஜனங்களைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே?

நியாயமான கேள்வி அக்கா, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் கிழக்குக் கரையில் அலை மணலை வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் வந்தது. அது காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையை அரித்தது, வீடுகள் போயின, தெருக்கள் போயின. தென்சென்னைக்காரர் சாயந்திரம் காற்று வாங்குகிற மணலில் எங்கள் கரையின் பங்கும் உண்டு என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அப்புறம் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டினால் கரை நிற்கும், ஆனால் படகை எங்கே இழுத்து ஏற்றுவது, வலையை எங்கே உலர்த்துவது? குறுக்குச் சுவர்கள் போட்டபின் அங்கங்கே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. சூரை மீன்பிடித் துறைமுகமும் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. வலை, படகு எல்லாம் கறுப்பு, பிடித்த மீனை வாங்க ஆளில்லை. வளர்ச்சி ஓரிடத்திலும் அதன் விலை வேறிடத்திலும் என்பது மாநிலம் முழுக்க நடக்கிற கதை, தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மதுரைத் தம்பி: அண்ணே, அந்தப் பக்கம் வந்தால் ரவுடிங்க தொல்லை இருக்குமா?

சினிமாவைக் குறைச்சுக்கோ தம்பி. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். தொல்லை என்றால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிதான், பைக்கில் வந்தால் பார்த்து வா.

ஒரகடத்தில் வேலை செய்யும் ஒருவர்: வேலையெல்லாம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. திருவொற்றியூர் முடிந்த கதைதானே?

என்ஃபீல்டே 2013இல் ஒரகடத்தில் புது ஆலை போட்டது, விம்கோ தீப்பெட்டி ஆலையும் போய் ஸ்டேஷன் பெயரில் மட்டும் இருக்கிறது, சரிதான். முன்பு ஐ.டி.ஐ. முடித்த பையன் அப்ரண்டிஸாகப் போய், பர்மனென்ட் ஆகி, லோன் போட்டு ஒரு கிரவுண்டில் வீடு கட்டினான். இன்று அவன் பிள்ளை கான்ட்ராக்டில் கம்பெனி பஸ் ஏறித் தெற்கே போகிறான், இல்லையென்றால் 2021இல் வந்த மெட்ரோவில் கிண்டிக்கு. ஆனால் திரும்பி வந்து படுப்பது அப்பன் கட்டிய வீட்டில்தான். தமிழ்நாட்டில் எத்தனை ஊர் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் கேட்ட கோயம்புத்தூர்த் தங்கை மறுபடியும்: வந்தால் எப்போது வருவது அண்ணா?

கார்த்திகைப் பௌர்ணமிக்கு வாம்மா. கோயில் மூலவர் ஆதிபுரீசுவரர் மேல் வருஷம் முழுக்கக் கவசம் இருக்கும், அந்த மூன்று நாள் மட்டும்தான் எடுப்பார்கள். கூட்டம் நெரியும், விடியற்காலையிலேயே வரிசையில் நின்றுவிடு. அது முடியாவிட்டால் ஏதாவது ஒரு பௌர்ணமி, வெள்ளிக்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது. அன்றைக்குக் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு இங்கே வடிவுடையம்மன், சாயந்திரம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்கிற வழக்கம் உண்டு. மேலூருக்கு கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீஞ்சூர் வரை போய் ஷேர் ஆட்டோ பிடிக்கலாம், வழியில் எண்ணூர்ப் புகைக்கூண்டும் பார்க்கலாம், அதைத் தாண்டி தஞ்சாவூர்க்காரர் கேட்ட வயலும் கொஞ்சம் கண்ணில் படும். மத்தியானம் தரிசனம் முடிந்ததும் குப்பத்துப் பக்கம் போய் வஞ்சிரம் வறுவல் சாப்பிடு. கோயிலுக்கு வந்த அன்று கவுச்சி ஆகாது என்றால் தேரடியில் இட்லி இருக்கிறது.