டெண்டர் எழுதும் முன் லாக் புக்கைத் திறவுங்கள்

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு அலுவலகக் கொள்முதல் பிரிவைப் பார்க்கிறேன். எங்கள் இரண்டு டீசல் வண்டிகளுக்கும் 15 வயது முடியப்போகிறது. ஒன்று அதிகாரியின் கார், ஊருக்குள்ளேயே ஓடும். மற்றது கள ஆய்வுக்குப் போகும் ஜீப். இந்த முறை எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்கிறார் அதிகாரி. “நிலக்கரியில் கரண்ட் எடுத்து ஓட்டிவிட்டுப் பசுமை என்று சொல்லிக்கொள்வதா?” என்கிறார் கணக்குப் பிரிவு நண்பர். வாங்கலாமா? வாங்கினால் விவரக்குறிப்பில் என்ன எழுதுவது? குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்ற எல்1 விதியில் மலிவான வண்டிதானே தலையில் விழும்?

பதில்: வாங்கலாம். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் வண்டிக்குப் பதிலாக இல்லை என்று நினைக்கிறேன். ஊருக்குள் ஓடும் அதிகாரியின் காரைத்தான் எலெக்ட்ரிக் ஆக்க வேண்டும் என்று எல்லா அலுவலகத்திலும் தோன்றும். கணக்குப் போட்டால் பெரும்பாலும் ஜீப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்றாமல் இருக்கவும் முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. எஃப்.சி. எடுத்து இன்னும் இரண்டு வருஷம் தள்ளலாம் என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது.

நண்பரின் நிலக்கரிக் கேள்வியை ஒதுக்க வேண்டாம், நியாயமான கேள்விதான். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஏ.சி., சார்ஜ் ஏற்றும்போது ஆகும் சேதாரம் எல்லாம் சேர்த்து, நடுத்தரக் கார் ஒரு யூனிட்டில் 6 கி.மீ. ஓடும் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 120 கிராம் ஆகிறது. டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.7 கிலோ. பழைய ஜீப் லிட்டருக்கு 12 கி.மீ. தந்தால் கிலோமீட்டருக்கு 225 கிராம். அப்படியானால் நிலக்கரி மின்சாரத்திலும் ஏறக்குறைய பாதி மிச்சம். ஆனால் பேட்டரி தயாரிக்கும்போதே ஒரு கார்பன் கடன் ஏறிவிடுகிறது. 40 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 3 டன் வாக்கில் என்று தோராயமாக வைத்தால், அந்தக் கடனைத் தீர்க்க 30,000 கி.மீ. ஓட வேண்டும்.

இங்கேதான் வண்டியின் ஓட்டத்தை எழுதிவைக்கும் லாக் புக் வருகிறது. ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடும் ஜீப் ஒன்றரை வருஷத்தில் கடனைத் தீர்த்துவிடும். வீட்டுக்கும் ஆபீசுக்கும் கலெக்டரேட்டுக்குமாக ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓடும் கார் தீர்க்க ஆறு வருஷம் ஆகும். பணமும் இதே கதைதான். டீசல் 92 ரூபாய் என்றால் ஜீப்புக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். யூனிட் 9 ரூபாய் வைத்து மின்சாரத்துக்கு 30,000. சேமிப்பு 1.2 லட்சம். அதிகாரியின் காரில் அதுவே 30,000 ரூபாய் வாக்கில்தான் வரும். அந்தச் சின்ன ஓட்டத்துக்கு வண்டியே வாங்காமல் மாத வாடகைக்கு எடுப்பது நல்லது. அதை அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

அதனால் கடந்த ஓராண்டு லாக் புக்கை எடுத்து வைத்து, வண்டிவாரியாக மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: மாதச் சராசரி ஓட்டம், ஒரே நாளில் ஓடிய உச்ச தூரம், இரவில் வண்டி எங்கே நின்றது.

உச்ச தூரத்தைக் கேட்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணமே இருக்கிறது. மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2017-இல் 10,000 எலெக்ட்ரிக் கார்களுக்கு டெண்டர் விட்டது. மொத்தமாக வாங்கித் துறைகளுக்குக் குத்தகைக்கு விடுவது திட்டம். ஜி.எஸ்.டி. நீங்கலாக 10.16 லட்சம் ரூபாய் கேட்ட டாடா நிறுவனத்தின் டிகோர் எல்1 ஆனது. விலை உண்மையிலேயே நல்ல விலை. ஆனால் கார்கள் கைக்கு வந்த பிறகு, ஊருக்குள் ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ. சுமார்தான் ஓடுகிறது என்று அதிகாரிகள் அவற்றை எடுக்கத் தயங்கியதாக 2018-இல் செய்திகள் வந்தன. அதே நிறுவனம் 2020-இல் 250 கார்கள் வாங்கியபோது, டாடாவின் நெக்ஸானை 14.86 லட்சத்துக்கும், கூடுதல் தூரம் ஓடும் ஹூண்டாய் கோனாவை 21.36 லட்சத்துக்கும் எடுத்தது. பத்து லட்சத்திலிருந்து இருபத்தொன்றுக்கு மேல் தர அரசு நிறுவனமே தயாரானது எதற்காக என்பதை உங்கள் குறிப்பாணையில் எழுதிவையுங்கள், தணிக்கைக்கு உதவும்.

சரி, எல்1 பயம். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே சொன்ன, அளக்கக்கூடிய காரணிகளை வைத்துக் குறைந்த விலையைத் தீர்மானிக்கச் சொல்கிறது. ஆவணத்தில் நீங்கள் எதையும் எழுதாவிட்டால்தான் ஷோரூம் விலை மட்டும் மிஞ்சும். சார்ஜர், அதைப் பொருத்தும் செலவு, வாரண்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். பல கார்களுக்குப் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. என்று இருக்கிறது. கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாத வாரண்டி வெறும் காகிதம்.

தூரத்தைக் குறிக்கும்போது, ஒரு சார்ஜுக்கு இத்தனை கி.மீ. என்று சான்றிதழில் போட்டிருக்கும் தூரத்தை நம்பி இறங்க வேண்டாம். மே மாத வெயிலில் ஏ.சி.யுடன் நாலு பேர் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. உங்கள் ஜீப்பின் உச்ச நாள் 140 கி.மீ. என்றால் நிஜத்தில் 180 வேண்டும், அப்படியானால் சான்றிதழில் 270-க்குக் குறையக் கூடாது. சர்வீஸ் சென்டர் எத்தனை கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

ஜி.எஸ்.டி. எலெக்ட்ரிக் கார்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான். மத்திய மானியத்தை எதிர்பார்த்து மதிப்பீடு போடாதீர்கள். பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் கார்கள் சேர்க்கப்படவில்லை.

மூன்றாவது விஷயம், வண்டி இரவில் எங்கே தூங்குகிறது? நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் சார்ஜரை ஆபீஸ் போர்ட்டிகோவில் அழகாகப் பொருத்தியிருந்தார்கள். வண்டியோ சாயங்காலம் ஆறு மணிக்கு அதிகாரியின் குவார்ட்டர்சுக்குப் போய்விடும். ஒரு மாதம் கழித்துப் போனால், குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டி வெளியே வந்து கிடந்தது. பிளக்கைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வேறு. “எதுக்குண்ணே வாளி?” என்று டிரைவரைக் கேட்டேன். “ஒரு பாதுகாப்புக்கு சார்” என்றார். கரண்டில் பிடிக்கும் தீயை அணைக்கத் தண்ணீர்!

15 ஆம்பியர் பிளக்கில் மூன்று கிலோவாட்தான் வரும். 40 யூனிட் பேட்டரி காலியானால் நிரம்ப 13, 14 மணி நேரம் பிடிக்கும். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் ஆறு மணி நேரம், இரவோடு முடிந்துவிடும். அதற்குத் தனி ஒயரிங், சரியான எர்த்திங், தேவைப்பட்டால் கூடுதல் மின்பளு அனுமதி எல்லாம் வேண்டும். அனுமதிக் கோப்பு நகரும் வேகம் உங்களுக்கே தெரியும். டெண்டருக்கு முன்பே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். கார் வந்து நின்றபின் போட்டால் வாளியும் ஜன்னலும்தான்.

சார்ஜருக்கு ஒரு துணை மீட்டரும் வையுங்கள். டீசல் செலவு எரிபொருள் தலைப்பில் குறையும், மின்கட்டணத் தலைப்பில் ஏறும். மீட்டர் இல்லாவிட்டால், “கரண்ட் பில் ஏன் கூடியது?” என்று தணிக்கையில் பாரா எழுதுவார்கள். லாக் புக்கில் லிட்டர் இருந்த கட்டத்தில் யூனிட்டை எழுதுங்கள். யூனிட்டுக்கு 6 கி.மீ. திடீரென 4 ஆனால் டயர் காற்று, ஏ.சி. போட்டபடி நிழலில் தூங்கும் பழக்கம் என்று ஏதோ ஒன்று இருக்கும். டீசல் சிட்டையில் நடந்த சில கைவேலைகளும் இதோடு போகும். டிரைவர் முகம் சுளித்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம், புது வண்டிப் பயமாகவும் இருக்கலாம். இரண்டு நாள் பயிற்சியை விற்பவரின் பொறுப்பாக டெண்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.

புயல் காலத்தில் மூன்று நாள் கரண்ட் போகும் மாவட்டம் உங்களுடையது என்றால், இரண்டையும் ஒரேயடியாக எலெக்ட்ரிக் ஆக்க வேண்டாம். ஜீப்புக்குப் பதில் எலெக்ட்ரிக் கார், அதிகாரியின் ஓட்டத்துக்கு வாடகை வண்டி, பேரிடர் நாட்களில் கூப்பிட்டதும் வர ஒரு டீசல் வண்டிக்கு முன்கூட்டியே விலை ஒப்பந்தம். உங்கள் லாக் புக்கில் ஜீப்பின் ஓட்டம் ஆண்டுக்கு 10,000 கி.மீ.க்குக் கீழே என்றால் மட்டும் மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.